அரைக் கரண்டிப் பவுடர்

பவுடர் டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்த என் தங்கையை அங்கேயே அறைந்திருப்பேன். பூனை டாக்டரின் அறையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மேசையில் எங்கள் பூனை சளிமூக்கன் ஒரு கண் ஒட்டிப்போய், எலும்பும் தோலுமாகக் கிடந்தான். இரண்டு நாளாக ஒரு வாய் தின்னவில்லை.

குட்டியிலிருந்தே அவனுக்கு ஹெர்பெஸ் வைரஸ். உடம்பை விட்டுப் போகாது. தும்முவான், கண்ணில் நீர் வடியும். சொட்டு மருந்து விட்டு, வயிறாரச் சாப்பிட வைத்தால் சமாளித்துவிடுவான். தங்கைக்கு அது போதவில்லை. போனில் எவனோ சொன்னானாம், எதிர்ப்புச் சக்தி கூடுமாம், லைசின் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டாள். நான் பன்னிரண்டு வருடமாக மருந்துக் கடையில் நிற்பவள். டானிக் கேட்டு வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்து அனுப்புகிறவள். என் வீட்டிலேயே இந்தக் கூத்தா? அவள் அழும்வரை திட்டினேன். டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

பத்து நாள் கழித்து அவன் விடாமல் தும்மினான். தங்கை வேலைக்குப் போயிருந்தாள். டப்பாவை இறக்கி அரைக் கரண்டி கலந்தவள் நான்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மகராசி! மறுநாளும் கலந்தேன். அவன் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகப் போக, உடம்பில் தெம்பு வேண்டுமே என்று முழுக் கரண்டியாக்கினேன்.

"சாப்பாட்டுல ஏதாவது கலக்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் மருந்துக் கடைல நிக்கறவ. இவளக் கேளுங்க, பவுடர் பைத்தியம்," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

"நீ திட்டுன அன்னிக்கே நிறுத்திட்டேன்க்கா," என்றாள் தங்கை.

டாக்டர் அவன் வயிற்றை மறுபடி அழுத்திப் பார்த்தார். "அப்ப வேற ஏதோ இருக்கு. மயக்க மருந்து குடுத்து உள்ள பார்க்கணும். இந்த உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது."

கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். தங்கை பேனாவை எடுத்தாள்.

"போடாதடி," என்றேன். "கலந்தது நான்தான். தினமும்."

டாக்டர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "மூக்கடைச்ச பூனை வாசனை தெரிஞ்சாத்தான் சாப்பிடும். பவுடரப் போட்டு இருந்த வாசனையையும் கெடுத்துட்டீங்க. இந்த வைரசுக்கு அந்தப் பவுடர் உதவுதுன்னு நம்பற மாதிரி ஒரு ஆய்வும் இல்ல. மருந்துக் கடைல இருக்கறவங்க, விசாரிக்க மாட்டீங்களா?"

உதவியாளர் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, வெறும் மீனைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். தங்கை விரலில் தொட்டு நீட்டினாள். வெகுநேரம் கழித்து அவன் ஒருமுறை நக்கினான். நானும் கையை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள்.

"இனிமே இவனுக்கு நான் வைக்கிறேன் சாப்பாடு. நீ கிட்ட வராத."

அக்கா என்று சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். மேசையை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றேன்.