பத்ரிநாராயணனின் இலைத்துளைகள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசித்த பத்ரிநாராயணனுக்கு, ஏப்ரல் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு வயிற்றில் இலைத்துளைகள் திறந்தன. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால்கனியில் துண்டு உதறிக்கொண்டிருந்தவர், எறும்பு ஊர்கிறது என்றார். தட்டிவிட வந்த மனைவி ரமா, பார்த்துவிட்டு உள்ளே போய் லென்சை எடுத்து வந்தாள். பத்தொன்பது வருடமாகப் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவள். ஒரு பார்வை போதும். தொப்புளைச் சுற்றி ஆயிரக்கணக்கில் குட்டி வாய்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடு மாதிரி காப்பு செல்கள், பாடப்புத்தகப் படத்தைவிடத் திருத்தமாக இருந்தன. முதுகில் இளம்பச்சை படர்ந்திருந்தது. "இலைக்கும் அடிப்பக்கத்துலதான் அதிகம். எல்லாம் சரியா இருக்கு" என்றாள். அவர் நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

அன்று சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர்கள் பேசியதில் முக்கால்வாசி இன்றைக்கு என்ன குழம்பு, உப்பு போதுமா என்பதுதான். அதனால் வீடு அமைதியாகிவிட்டது. வெயிலும் காற்றும் தண்ணீரும் இருந்தால் அவருக்குப் போதும். ஆனால் தண்ணீர் நாளுக்குப் பத்துக் குடம் வேண்டியிருந்தது. அதில் ஒரு தம்ளர்தான் உடம்பில் தங்கியது, மிச்சமெல்லாம் வயிற்று வழியே ஆவியாகப் போனது. ஆபீஸ் ஃபைல்கள் ஊறிப்போனதால் நீண்ட விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அப்பளம் நமுத்தது, தீக்குச்சி பற்றவில்லை, கூடம் மட்டும் மரத்தடி போலக் குளிர்ந்தது. எதிர்வீட்டுக் காந்திமதி மத்தியானங்களில் கீரைக்கட்டோடு வந்து அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்தாள்.

குடியிருப்புக்கு வாரம் இருமுறை லாரித் தண்ணீர் ஊற்றும் தனக்கோடி, தொட்டி காலியாகும் வேகத்தைப் பார்த்து மாடியேறி வந்தாள். "இன்னா சார், வூட்ல யானை எதுனா கட்டிவெச்சுகினு கீறீங்களா?" என்று கேட்டாள். அவர் பனியனைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்து, "வாழத்தோப்பு கூட இவ்ளோ குடிக்காது சார். பெரிய பேஜாரா கீதே" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் சுந்தரராமனிடம் போனாள். அவர் கூட்டம் கூட்டி, கோடை முடியும் வரை ஆளுக்குத் தினம் நாலு குடம் என்று தீர்மானம் போட்டார்.

மறுநாளே துளைகள் மூடிக்கொண்டன. தண்ணீர் குறைந்தால் காப்பு செல்கள் துவண்டு கதவைச் சாத்திவிடும். இருக்கிற ஈரமாவது மிஞ்சட்டும் என்பது அவற்றின் சட்டம். ஈரம் மிஞ்சியது. ஆனால் காற்று உள்ளே போகவில்லை, காற்றில்லாமல் அவருக்குச் சாப்பாடு இல்லை. இரண்டே வாரத்தில் எட்டுக் கிலோ இறங்கி, முதுகு பழுத்த இலையாக மஞ்சளித்தது. "பசிக்கறது ரமா. ஆனா சாதத்தைப் பார்த்தா ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு" என்றார். திறந்தால் காய்ந்துபோவார், மூடினால் பட்டினி. ரமா அடுப்படிக்குப் போய், அழுவது வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்தாள். அதில் தண்ணீர் வராததால் அவள் அழுதது கூடம் வரை கேட்டது.

பள்ளிக்கூடத்துச் செம்பருத்திக் கிளையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, உள்ளே துளிகள் படிவதை வருடந்தோறும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் அவள். மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் எட்டு மீட்டர் பிளாஸ்டிக் ஷீட் வாங்கிவந்து, பால்கனியில் கூடாரம் கட்டி, புருஷனை நாற்காலியோடு உள்ளே வைத்து ஓரங்களை ஒட்டினாள். அவர் விட்ட ஆவி ஷீட்டில் படிந்து, வழிந்து, அண்டாவில் சேர்ந்தது, அதையே குடித்தார். நாலு குடம் தாராளமாகப் போதும் என்றாயிற்று. துளைகள் திறந்தன. ஒரு மணி நேரத்தில், உள்ளே அவர் தின்னக்கூடிய கரியமிலக் காற்று தீர்ந்துபோனது. ரமா சற்று யோசித்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து, எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டாள். அவள் விட்ட மூச்சு அவருக்கு ஆகாரமாயிற்று.

பேசினால் மூச்சு அதிகம் வந்தது. எனவே தினமும் வெயில் ஏறும் வரை பேசினாள். ஆசிரியர் அறைச் சண்டைகள் தீர்ந்து, உறவினர் கதைகள் தீர்ந்து, மே மாதக் கடைசியில், கல்யாணமான புதிதில் கோயம்புத்தூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததையும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டதையும் சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேளா?"

"தெரியலை" என்றார் அவர். வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும் துளைகள் அன்று காலை பத்து மணி வரை மூடவேயில்லை.

ஜூனில் ரமா ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் ஸ்ரீரங்கம் போகவேண்டி வந்தது. சுந்தரராமன் அறிவிப்புப் பலகையில், லிப்ட் பழுது அறிவிப்புக்குக் கீழே, பத்ரி சாருக்கு மூச்சு விடுகிறவர்களின் முறைப்பட்டியலை ஒட்டினார். முதல்நாள் காந்திமதி, இரண்டாம் நாள் சுந்தரராமன். மூன்றாம் நாள் ஆள் இல்லாமல் தனக்கோடி வந்தாள். "நான் வாயத் தொறந்தா நிக்காது சார், பரவால்லியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ரமா திரும்பியபோது அவர் முதுகு கரும்பச்சையாக மின்னியது. யார் வந்தார்கள் என்று கேட்டாள். "கடைசி நாள் தனக்கோடியம்மா. அந்தம்மாவுக்கு நல்ல மூச்சு" என்றார்.

 மறுநாள் ரமா வழக்கத்தைவிடக் கால் மணி முன்னதாகவே கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.