பத்தொன்பதாம் எபிசோடில் தீர்ந்த கொள்ளு

'வெண்பனிக் கோட்டை' என்ற சீனத் தொடரின் பத்தொன்பதாவது எபிசோடில், பனி கொட்டும் முற்றத்தில் நின்றுகொண்டு தளபதி ஷென், எதிரே நின்ற லான் என்பவளைப் பார்த்து, "நீ இல்லையென்றால் இந்தக் கோட்டையை மீட்டு நான் என்ன செய்யப்போகிறேன்" என்று சொன்னான். சொன்னது சீனத்தில். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அதைப் படித்த ஹேமநாத், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தரணிக்குத் தமிழில் இப்படிச் சொன்னான்:

"குதிரைக்குக் கொள்ளு தீந்துபோச்சாம்."

ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்கு அவனிடம் அப்போதும் விளக்கம் இல்லை. ஆனால் சூழ்நிலை என்று ஒன்று இருந்தது. ஹேமநாத் ஆந்திர எல்லையில் உள்ள நகரிக்காரன். வீட்டில் நான்கு விசைத்தறி. தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்களுக்குக் கிசுகிசுக்க வராது. அவர்கள் காதோடு சொல்கிற ரகசியம் மூன்று வீடு தள்ளிப் போய் விழும். காலை ரயிலில் அவன் தரணிக்கு மட்டும் கதை சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் பெட்டியில் பாதிப்பேர் 'வெண்பனிக் கோட்டை'யின் ரசிகர்கள்.

ஏற்பாடு தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. ஹேமநாத் திருப்பதியில் எம்.காம் இரண்டாம் ஆண்டு. தரணி புத்தூரில் ஏறுவாள். திருப்பதியில் ஒரு லேபில் இரத்தம் எடுக்கிற வேலை. தெலுங்கு மீடியத்தில் படித்தவள். ஆங்கிலம் படிப்பாள், ஆனால் அவள் 'யுவர் மெஜஸ்டி' என்று படித்து முடிப்பதற்குள் மெஜஸ்டி அரண்மனையைவிட்டே போயிருப்பார். ஒருநாள் போனில் இந்தத் தொடரோடு அவள் பட்ட அவதியை எதிர் சீட்டிலிருந்து பார்க்கப் பொறுக்காமல் ஹேமநாத், வேண்டுமானால் நான் படித்துச் சொல்கிறேன் என்றான். மறுநாளே ஒப்பந்தம் ஆனது. புத்தூரிலிருந்து திருப்பதிக்குள் ஒரு எபிசோட். ஒருத்தரை விட்டு ஒருத்தர் முன்னால் போகக்கூடாது.

கதை இதுதான். ஷென்னின் அப்பாவுக்கு உயிருக்குயிரான நண்பனாக இருந்த மந்திரி காவ், ஒரு பொய்க் கடிதம் எழுதி அந்தக் குடும்பத்தையே கொன்றுவிடுகிறான். தப்பித்த ஷென் பன்னிரண்டு வருடம் கழித்து வேறு பெயரில் அரண்மனைக்குத் திரும்பி ஒவ்வொருத்தனாகக் கணக்குத் தீர்க்கிறான். நடுவே மந்திரியின் அண்ணன் மகள் லான் வருகிறாள். ஒருவர் கையை ஒருவர் பிடிக்க இருவருக்கும் பதினேழு எபிசோட் ஆனது. அதுவும் குதிரை தள்ளிவிட்டதால்.

துரோகமும் பழிவாங்கலும் ஹேமநாத்துக்குச் சுலபமாக வந்தன. விஷம், கத்தி, சபதம், எல்லாவற்றையும் நாக்குத் தடுமாறாமல் நகரித் தமிழில் கொட்டினான். பத்தொன்பதாவது எபிசோடில்தான் சிக்கல் வந்தது. அந்த வரியைச் சொல்ல வேண்டுமானால், தரணியின் முகத்துக்கு அரை முழத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ இல்லன்னா" என்று தொடங்க வேண்டும். அவன் மனதில் ஒரு மாதமாக இருந்ததும் ஏறக்குறைய அதுவே என்பதால் வாய் கொள்ளின் பக்கம் போய்விட்டது.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஷென் நிற்கவில்லை. பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்காதவன், திறந்த பிறகு மூடவே இல்லை. இருபத்தோராம் எபிசோடில் குடை பிடித்துக்கொண்டு பேசினான். ஹேமநாத் அதைச் சுங்க வரி ஆக்கினான். இருபத்து நான்கில் ஷென் கடிதம் எழுதினான். வடக்கு மாகாணத்தில் மழை இல்லை என்ற தகவலாகிவிட்டது. இருபத்தேழில் அவனுடைய கிழிந்த அங்கியை லான் தைத்துக்கொடுத்தாள்; அவன் கண்ணில் நீர் முட்ட நான்கு வார்த்தை சொன்னான். கொள்ளு இன்னும் வந்து சேரவில்லை.

இந்தத் திருப்பத்தில் மிகவும் மகிழ்ந்தவர் நாகபூஷணம். கால்நடைத் துறையில் சீனியர் அசிஸ்டென்ட். நம் ஊரில் எடுக்கிற சீரியல்களில் தீவனத்தைப் பற்றி ஒருத்தனாவது பேசுகிறானா, சீனாக்காரன் எதனால் முன்னேறினான் என்று இப்போது தெரிகிறது என்று ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு விளக்கினார். கதவுப் பக்கம் கூடையை வைத்துக்கொண்டு, போனை எட்டிப் பார்த்தபடியே பூக் கட்டும் வெங்கடம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை.

"ஏன் நைனா, கொள்ளு இல்லன்னு சொன்னதுக்கா அந்தப் பொண்ணு இப்டி வெக்கப்பட்றா?"

அந்த நாட்டில் அது வழக்கம் என்று ஹேமநாத் சொல்லிவைத்தான்.

தரணியிடமிருந்து, ஷென் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அவ்ளோதான் சொன்னாரா?"

"அவ்ளோதாங்க."

முப்பத்திரண்டாம் எபிசோட் ஒரு புதன்கிழமை வந்தது. ஷென்னைக் குறிவைத்து வந்த அம்பை லான் குறுக்கே பாய்ந்து தன் தோளில் வாங்கிக்கொண்டாள். ரத்தம் பனியில் சிந்தியது. ஷென் அவளை மடியில் போட்டுக்கொண்டு கதறினான். பெட்டியே ஹேமநாத்தின் வாயைப் பார்த்தது. ஹேமநாத் கதையில் அவர்கள் இருவரும் இதுவரை தீவனக் கொள்முதல் சம்பந்தமாக மட்டுமே பழகியவர்கள். அம்பு வாங்குகிற அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

"கொள்ளுக்காவ யாருனா சாவாங்களா?" என்றாள் வெங்கடம்மா.

கடமை உணர்ச்சி என்றான் ஹேமநாத். நாகபூஷணம்கூட அதற்குத் தலையாட்டவில்லை.

ரயில் ரேணிகுண்டா அவுட்டரில் நின்றிருந்தபோது தரணி, எதையோ சொல்கிற மாதிரி சொன்னாள். லேபுக்குச் சித்தூரில் கிளை திறந்திருக்கிறார்கள். திங்கள்கிழமையிலிருந்து அவள் அங்கே. அங்கே அத்தை வீட்டில் தங்கிக்கொள்வாள். இந்த ரயிலுக்கு இனி வியாழன், வெள்ளி, இரண்டே நாள்.

ஹேமநாத் "ஓ" என்றான். அதை மொழிபெயர்க்க யாரும் இல்லை.

வியாழக்கிழமை நாகபூஷணம் வணக்கம் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். முகம் கோர்ட்டுக்குப் போகிறவர் முகம்போல இருந்தது. எபிசோட் தொடங்கப்போன நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார். நேற்று அம்பு விழுந்ததிலிருந்து மனசு சரியில்லை என்று வீட்டில் மகளிடம் சொன்னாராம். அவள் போனில் அதே தொடர் தெலுங்கு டப்பிங்கில் இருந்ததாம். அம்புக் காட்சியைப் பார்த்துவிட்டு, அப்படியே பின்னால் போய்க் கொள்ளுக் காட்சியையும் பார்த்திருக்கிறார்.

"ஏமய்யா ஹேமநாத், முப்பத்திரெண்டு எபிசோட்ல ஒரு குதிரகூட ஒண்ணும் துன்னல," என்றார். "நான் ஆபீஸ்ல போயி சீனாவுல தீவனத் திட்டம்னு நாலு பேருகிட்ட பேசிட்டு வந்துட்டேன்."

பிறகு ஷென் உண்மையில் என்ன சொன்னான் என்பதைத் தெலுங்கில், ஃபைலில் குறிப்பு வாசிக்கிற குரலில், பெட்டிக்கே தெரிவித்தார். வெங்கடம்மா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். மந்திரி காவ் செய்தது துரோகம் என்றால் இது என்ன என்று கேட்டாள். அவன் உயிரைத்தான் எடுத்தான். இவன் பதினாலு நாளாகக் காதலையே காணாமல் அடித்துவிட்டானே என்றாள். அதற்குப் பெட்டி முழுக்க ஆதரவு இருந்தது.

ஹேமநாத் தரணியைப் பார்த்தான். அவள் முகத்தில் அதிர்ச்சி என்று எதுவும் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பத்தொம்பதாவது அன்னிக்கே டவுட்டு வந்துச்சி. அழுதுக்கினு யாரு கொள்ளு கேப்பாங்க? சாயந்தரம் போயி தெலுங்குல பாத்தேன். அதுலேர்ந்து டெய்லி, நீங்க சொன்னதுக்கு அப்புறம் அதே எபிசோட பாப்பேன். முன்னாடி போவல."

"அப்ப ஏன் சொல்லல?"

"தெலுங்குல ஒருத்தரு நல்லாதான் சொல்றாரு," என்றாள் தரணி. "நீங்க எப்ப சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அன்றைக்கு முப்பத்து மூன்றாம் எபிசோட் ஓடவில்லை. வெங்கடம்மா தீர்ப்புச் சொன்னாள். நாளைக்கு வந்து, கொள்ளு என்று சொன்ன இடத்தில் எல்லாம் என்ன இருந்ததோ அதை ஒன்று விடாமல், எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போய்விடலாம் என்ற யோசனை ஹேமநாத்துக்கு வராமல் இல்லை. நகரியிலிருந்து திருப்பதிக்கு பஸ் நிறைய. ஆனால் வியாழன் மதியமே வருமான வரிச் சட்ட வகுப்பில் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போனைச் சத்தமில்லாமல் ஓட்டி, பத்தொன்பதிலிருந்து ஒவ்வொரு எபிசோடாகத் தாவித் தாவிப் பார்த்து, பொய் சொன்ன இடங்களையெல்லாம் பிடித்து, உண்மையை நோட்டில் எழுதினான். மொத்தம் பதினோரு இடம். லெக்சரர் அருகில் வந்து பார்த்துவிட்டு, நோட்ஸ் எடுக்கிறவன் இந்த வகுப்பில் இவன் ஒருத்தன்தான் என்று பாராட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஒத்திகை பார்த்தான். மூன்றாவது வரியில் வாட்ச்மேன் வந்து, யாரோடு சண்டை என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, புத்தூரில் தரணி ஏறி உட்கார்ந்ததும் ஹேமநாத் எழுந்து மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நோட்டைத் திறந்தான்.

முதல் வரியை அவன் சொன்ன விதம், ஏழுமலையான் சந்நிதிக்குப் போகும் பக்தர்கள் கவனத்திற்கு என்று ஸ்டேஷன் மைக்கில் சொல்வதுபோல இருந்தது. பக்கத்துப் பெட்டியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். குடை பிடித்துச் சொன்ன வரியில் குரல் உடைந்தது. டீக்காரர் வந்து, போக மனமில்லாமல் கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ஏழாவது வரிக்கு வந்தபோது ஹேமநாத்தின் குரல் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தணிந்தது. கேட்பதற்காக எல்லோரும் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. தரணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

பதினொன்றும் முடிந்தது. கடைசி வரி அம்பு பாய்ந்தபோது ஷென் சொன்னது: "நீ கண்ணைத் திறக்கும்வரை நான் எந்தப் பழியையும் வாங்கப்போவதில்லை."

"இதுக்குன்னா அம்பு வாங்கலாம்," என்றாள் வெங்கடம்மா. நாகபூஷணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நிர்வாக ரீதியாகவும் இதுவே சரியான முடிவு என்றார்.

ரயில் திருப்பதியில் நுழைந்துகொண்டிருந்தது. தரணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாம் ஷென் சொன்னதுதானே?" என்றாள்.

"ஆமாங்க. ஒண்ணு விடல."

"நல்லா சொல்லியிருக்காரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் ஹேமநாத்துக்குக் காலேஜ் கேட்டில் நுழையும்போதுதான் விளங்கியது. பதினோரு வரியும் வேறொருத்தன் எழுதிக்கொடுத்தவை. அவன் தரப்பில் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை.

திங்கள்கிழமை அவன் ரயிலுக்குப் போகவில்லை. ஐந்தரை மணிக்கே பஸ் ஏறி, புத்தூர், கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர் போனான். இந்தத் தடவை நோட்டு எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எதையும் மனப்பாடம் செய்யவும் இல்லை. என்ன வருகிறதோ அதைச் சொல்வது, ஆனால் சொல்லாமல் திரும்புவதில்லை என்பது மட்டும் முடிவாகியிருந்தது.

புதுக் கிளை வாசலில் வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. உள்ளே சுகர் பார்க்க வந்த பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் வாங்காமல் யாரையும் உள்ளே விட மாட்டோம் என்று கவுண்டரில் சொன்னதால் டோக்கன் வாங்கினான். முறை வந்ததும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். தரணி வெள்ளைக் கோட்டில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி கையுறையைச் சரிசெய்தாள்.

"பேரு?"

"ஹேமநாத்."

"இன்னா டெஸ்ட்டு?"

அதை அவன் யோசித்து வரவில்லை. எது வேண்டுமானாலும் எடுங்கள் என்றான்.

"சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க. அஞ்சர பஸ்ஸு."

"அப்ப ஃபாஸ்டிங் எடுத்துடலாம். கைய நீட்டுங்க."

நீட்டினான். முழங்கைக்கு மேலே ரப்பர் நாடாவை இறுக்கிக் கட்டினாள். நரம்பைத் தேடி விரலால் தட்டினாள். ஊசி உள்ளே போனது. இப்போது அவனும் எழுந்து ஓட முடியாது, அவளும் கையை விட முடியாது.

"தரணி, எனக்கு ஒன்ன புடிச்சிருக்கு," என்றான். "நீ இல்லன்னா ட்ரெயின் ஏற மாட்டேன்னு எல்லாம் பொய் சொல்லல. ஏறுவேன். பரீட்ச இருக்குது. ஆனா புத்தூர் வந்தா கதவுப் பக்கம் பாப்பேன். நாளைக்கும் பாப்பேன். அதச் சொல்லதான் வந்தேன்."

திரைக்கு வெளியே இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்தினார்.

தரணி ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். இரத்தக் குழாயின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி அவன் பெயரை எழுதினாள். எழுத்து சற்றுக் கோணலாக வந்தது.

"ரிசல்ட்டு அஞ்சு மணிக்கு," என்றாள். "கவுண்டர்ல வாங்காத. ட்யூட்டி முடிச்சிட்டு நானே எடுத்துக்கினு வரேன். போயி மொதல்ல எதுனா துன்னு."

ஹேமநாத் வெளியே போய் நான்கு இட்லி தின்றுவிட்டு, திரும்பி வந்து, வாசலுக்கு நேரான பெஞ்சில் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால். பக்கத்தில் இருந்த, இருமலை நிறுத்திய அந்தப் பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த டெஸ்ட்டுக்கு சாயந்தரம் வரைக்குமா ஆவும் என்று கேட்டார்.

"ஆவட்டும்," என்றான்.