வழியில் நிற்காமல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று முதலில் கேட்டவர் விசிங் டீச்சரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்க வேண்டும். ஓய்வுக்கு நெருங்கிய வயது. சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல். அந்த விரலை வைத்துக் கண்ணாடியைத் தடவிப் பாடம் நடத்து என்றால் எப்படி இருக்கும்? சமார் என்ற பெரிய தீவின் கரையை ஒட்டிய அந்தச் சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தின் கூரையில் வெள்ளைத் தட்டு ஒன்றை மாட்டி இன்டர்நெட் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட், வகுப்புக்கு ஒரு டிவி. இனிப் பாடத்தைப் பக்கம் பக்கமாக டேப்லெட்டில் செய்து டிவியில் காட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்தது. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.

அந்த வேலையை ரோவெலின் தானாகவே தலையில் போட்டுக்கொண்டாள். பள்ளியிலேயே வயதில் சிறிய டீச்சர் அவள்தான். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் மூன்று பெரியவர்களையும் நூலக அறையில் உட்காரவைத்துவிடுவாள்: இரண்டாம் வகுப்பு விசிங், ஐந்தாம் வகுப்பு டெல்ஃபினா, தலைமையாசிரியர் தாசியோ.

"மானா, அது ரொட்டி மாவு இல்ல. இப்படிப் போட்டு இழுக்காதீங்க. மெதுவாத் தொட்டாலே கேட்கும்" என்பாள். மானா என்றால் அந்த ஊரில் அக்கா. பிள்ளைகள் முன்னால் டீச்சர், மற்ற நேரம் மானா.

"எங்கிட்ட ரெண்டாங்கிளாஸ்ல மூக்கு ஒழுகிட்டு உக்காந்திருந்தவ நீ. இப்ப எனக்கே பாடமா?" என்று விசிங் சிடுசிடுப்பாள்.

"அதுக்குத்தான் பழி வாங்குறேன்."

ஆனால் ஒரு நாளும் அவள் விசிங்கின் டேப்லெட்டைத் தொட்டுத் திருத்தியதில்லை. நால்வருக்கும் பாடக் கோப்பு ஒன்றுதான். யார் எங்கிருந்து அதைத் திறந்தாலும், எல்லார் திரையிலும் அவர்கள் விரல் இருக்கும் இடத்தில் பெயரோடு ஒரு சின்னக் கொடி நிற்கும். ரோவெலினுடையது பச்சை. விசிங் ஏதாவது தப்புச் செய்தால் அந்தப் பச்சைக் கொடி மெதுவாக வந்து தப்புக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். ஒன்றும் சொல்லாது. விசிங் தானே கண்டுபிடித்துச் சரிசெய்ததும் போய்விடும். ஒரு காலத்தில் விசிங்கும் அப்படித்தான் செய்வாள். தப்புக் கணக்கின் மேல் விரலை வைத்துவிட்டு, பிள்ளை கண்டுபிடிக்கும்வரை பேசாமல் நிற்பாள். கொடுத்த பாடம் அவளிடமே திரும்பி வந்திருந்தது. இது அவளுக்குத் தெரியும், அதில் உள்ளூரப் பெருமையும் உண்டு. வாயால் மட்டும் சொன்னதில்லை.

மழை தொடங்கிய மாதத்தில் காய்ச்சல் என்று பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போன ரோவெலின் பெட்டியில் திரும்பி வந்தாள்.

துக்க வீட்டில் காபியும் பிஸ்கட்டும் ஓயாமல் வந்தன. முற்றத்தில் ஆண்கள் சீட்டாடினார்கள். பெட்டியின் கண்ணாடி மேல் கண்ணீர் விழக் கூடாது, விழுந்தால் போகிறவருக்குக் கால் எழாது என்பதால் விசிங் இரண்டடி தள்ளியே நின்றாள். தாய் சோலே யாரையும் வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. அதுவும் வழக்கம்தான்.

திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. நடுவில் வேறு எங்காவது நின்று, கூட வந்தவரை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். பக்பாக் என்பார்கள் அதை. இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வீடுவரை வந்துவிடுவார். தீவில் எல்லோரும் அதற்கு நிற்பது கானோரின் பேக்கரியில். அன்று பேக்கரி மூடியிருந்தது. ஏன் மூடாது? கானோர்தான் துக்க வீட்டு முற்றத்தில் சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தானே.

மழை வலுத்தது. தாசியோவின் வழுக்கைத் தலையில் நீர் வழிந்தது. அப்போது விசிங்தான் சொன்னாள்: "ஸ்கூல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவோம். டேப்லெட்டுக்கும் சார்ஜ் போடணும்."

"அது பக்பாக் கணக்குல வருமா?" என்றார் தாசியோ.

"ஸ்கூல் என்ன உங்க வீடா சார்? வீடு இல்லன்னா சரிதான்" என்றாள் டெல்ஃபினா.

நூலக அறையில் நனைந்த துணியோடு உட்கார்ந்தார்கள். டெல்ஃபினா காபி கலந்து ஊற்றினாள். நான்கு கோப்பைகள். ஊற்றி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நான்காவதை யாரும் எடுக்கவில்லை, யாரும் கீழே கொட்டவும் இல்லை. மழை விட்டதும் விளக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் விசிங் முதன்முதலாகத் தானே செய்த கணக்குப் பாடத்தை டிவியில் போட்டாள். கூடையில் ஐந்து மாம்பழம் என்று எழுதியிருந்தாள், படத்தில் நான்குதான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. திரையின் ஓரத்திலிருந்து ஒரு பச்சைக் கொடி ஊர்ந்து வந்து அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்றது.

இரண்டாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. தினமும் காலையில் பாடுகிற அதே ராகத்தில், "காலை வணக்கம், ரோவெலின் டீச்சர்" என்று ஒரே குரலில் இழுத்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

விசிங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகளோ அதன் பிறகும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். ஒருத்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். விசிங் எப்படியோ இன்னொரு மாம்பழத்தை இழுத்துக் கூடையில் போட்டாள். கொடி போய்விட்டது.

"அவ டேப்லெட்ட யாராவது எடுத்தீங்களா?" என்று ஓடிப்போய்த் தாசியோவிடம் கேட்டாள்.

"அது என் அலமாரிலதான் பூட்டிக் கிடக்கு. சார்ஜும் செத்துப்போச்சு" என்றவர், அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல உதட்டைக் கடித்தார்.

அதன் பிறகு தினமும் வந்தது. மற்ற இருவரின் பக்கங்களுக்குப் போகவில்லை. விசிங்கின் பக்கத்துக்குத்தான், அதுவும் அவள் தப்புச் செய்யும்போது மட்டும். டெல்ஃபினா ஒருநாள் கூட உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டு, பேயறைந்தவள்போல எழுந்தாள்.

"இதுக்குத்தான் பேக்கரில நிக்கணும்னு சொல்றது. நாம அவள உதறிட்டு வந்த எடம் எது? அவ வேல பாத்த எடம்! மீனக் கொண்டாந்து கடல்ல உதறுன மாதிரி. அவ எங்க போவா, சொல்லுங்க? சாக்பீஸ் டப்பா இங்க, பிள்ளைங்க இங்க, நீங்க இங்க."

"நான்தான் சொன்னேன், இங்க நிக்கலாம்னு."

"ஆமா. நீங்கதான் சொன்னீங்க" என்றாள் டெல்ஃபினா. ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

நாற்பதாம் நாள்வரைதான் போனவர்கள் இங்கே சுற்றுவார்கள், அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. கிளம்பாதவர்கள் கதி என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கட்டிப்போட்டது தன் சோம்பேறித்தனம்தான் என்று விசிங் நினைத்தாள். தான் முழுசாகக் கற்றுக்கொண்டால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது. மதியச் சோற்றைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பழகினாள். படம் வைக்க, குரல் பதிய, கேள்வி செய்து பதில் பொருத்த எல்லாம் வந்தது. பச்சைக் கொடி வருவதும் குறைந்தது. குறைந்ததும் என்ன ஆயிற்று? ஒரு மதியம் முழுக்கத் தப்பே இல்லாமல் பாடம் செய்துவிட்டு, வெறும் திரையைப் பார்த்தபடி அவள் அழுதாள். போகட்டும் என்று உழைத்ததும் அவள்தான், போய்விடாதே என்று அழுததும் அவள்தான்.

அந்த வாரம் தாசியோ சொன்னார்: "மேலிடத்துல கேக்குறாங்க டீச்சர். பாடக் கோப்புலேருந்து இல்லாதவங்க பேர எடுத்துடணுமாம். வெள்ளிக்கிழம எடுத்துடுவேன்."

"பேர எடுத்துட்டா அவ எங்க போய் நிப்பா சார்?"

தாசியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை விசிங் சோலேயின் வீட்டுக்குப் போனாள். சோலே கருவாட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது, மழைச் சாரல் உள்ளே அடித்தும் மூடவில்லை.

"ரோவெலினோட போன் உன்கிட்ட இருக்கா சோலே? நீ எப்பவாவது அதத் திறந்து பாக்குறியா?"

"போனா? அதப் பெட்டிலயே வெச்சுட்டேன் டீச்சர். அது இல்லாம அவளுக்குப் பொழுது போகுமா?" என்று சொன்ன சோலே, கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டாள். "ஏன் கேக்குறீங்க?"

விசிங் சொல்லாமல் சமாளிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. முழுவதையும் கொட்டிவிட்டாள். மூடிக் கிடந்த பேக்கரி, மழை, நான்காவது கோப்பை, பச்சைக் கொடி எல்லாவற்றையும். என் பெண்ணை இப்படிச் செய்துவிட்டாயே என்று சோலே சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். சோலேயின் முகத்தில் வந்தது வேறு.

"அங்கயா இருக்கா?" என்றாள். "நான் இங்க கதவ மூடாம உக்காந்திருக்கேன். ஒரு சத்தம் கிடையாது. கனவுலகூட வரல. எம்மேல என்ன கோவமோன்னு நெனச்சிட்டிருந்தேன். ஸ்கூல்லயா இருக்கா? உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான், சோறு ஆறிப்போனப்புறம்தான் வீட்டுக்கு வருவா."

"என்ன மன்னிச்சிடு சோலே."

"அத விடுங்க. நான் பாக்கணும். காட்டுவீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை சோலே இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். தேவாலயத்துக்குப் போகும்போது உடுத்துகிற உடை, எண்ணெய் தடவி வாரிய தலை. பிள்ளைகள் இடம் ஒதுக்கிக் கொடுத்த சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். பேரை எடுக்கும் வேலையை மதியத்துக்குத் தள்ளிவைத்திருந்த தாசியோ, ஜன்னலுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பக்கத்தில் டெல்ஃபினா.

விசிங் பாடத்தைப் போட்டாள். கூடையில் ஏழு மீன், மூன்றை விற்றாகிவிட்டது. மீதி எத்தனை? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பச்சைக் கொடி வரவில்லை. சோலேயின் கண் திரையை விட்டு நகரவில்லை.

விசிங் விடை எழுதும் கட்டத்தைத் தொட்டு, ஐந்து என்று போட்டாள்.

"தப்பு டீச்சர்! நாலு! நாலு!" என்று வகுப்பே கத்தியது.

"ஸ்ஸ்... சும்மா இருங்க" என்றாள் விசிங். தன் வாழ்நாளில் வகுப்பறையில் தெரிந்தே ஒரு தப்பு எழுதியது அதுதான் முதல் தடவை.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு மீனாகக் கடந்து வந்து, அந்த ஐந்துக்குப் பக்கத்தில் நின்றது. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

சோலே எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். கருவாட்டு உப்பில் வெடித்த விரலால் அந்தப் பெயரைத் தொட்டாள். கொடி நகரவில்லை. "எளைச்சுட்டியாடி?" என்று கேட்டாள். ஒரு பெயரைப் பார்த்துத் தாய் கேட்ட கேள்வி அது. யாரும் சிரிக்கவில்லை. பென்சில் சீவுகிறவள்கூட நிறுத்திவிட்டாள்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்த ஐந்தை அப்படியே விட்டுவைக்க விசிங் தயாராக இருந்தாள். வெள்ளிக்கிழமை முடியட்டும், வருடமே முடியட்டும். ஆனால் சோலேதான் திரும்பிப் பார்த்தாள்.

"சரி பண்ணிடுங்க டீச்சர். பாவம், காத்துக்கிட்டே நிக்கிறா."

விசிங் ஐந்தை அழித்தாள். நான்கு என்று எழுதினாள். பச்சைக் கொடி இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு போய்விட்டது.

மதியம் தாசியோ அந்தப் பேரை எடுத்தார். பள்ளி விட்டதும் நால்வரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். கானோரின் பேக்கரி திறந்திருந்தது. சூடான பான் தெ சால் ரொட்டி வாசனை தெருமுனைவரை வந்தது. தாசியோ முன்னால் போய் பெஞ்சில் இடம் பிடித்தார்.

"வா சோலே. இந்தத் தடவையாவது ஒழுங்கா நின்னு, ஒரு ரொட்டி தின்னுட்டுப் போவோம்" என்று விசிங் அவள் கையைப் பிடித்தாள்.

சோலே மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க நில்லுங்க டீச்சர். நான் நிக்கல."

"சோலே, நேரா வீட்டுக்குப் போனா..."

"தெரியும்" என்றாள் சோலே. "அதுக்குத்தான் போறேன்."

டெல்ஃபினா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

சோலே தெருவில் இறங்கி நடந்தாள். யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை, கூப்பிட்டவர்களுக்குத் திரும்பவும் இல்லை. அகலமான பாதைதான். ஆனாலும் அவள் ஓரமாகவே நடந்தாள், பக்கத்தில் இன்னொருவர் வர இடம் விட்டு. வீட்டு வாசலுக்குப் போனதும் ஒதுங்கி நின்றுகொண்டாள். ஒருவர் உள்ளே போகும் நேரம் அப்படி நின்றுவிட்டு, தானும் போனாள். துக்கம் நடந்த நாளிலிருந்து திறந்தே கிடந்த அந்தக் கதவை, மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.