வலது கைக்கு விடுப்பு

மூங்கில் பிரஷ் செய்யும் கிழவராக எழுதி முடித்து, கூடை முடையும் விதவையாக மாறுவதற்கு முன்பு, கையெழுத்துக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கட்டியிருந்த பட்டைக்குள் யாரோ ஊசியை விட்டுத் துழாவுவதுபோல் இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் நாற்பது தடவை கிழவராகவும் முப்பது தடவை சோப்பு காய்ச்சும் தாயாகவும் இருந்தாயிற்று. ‘இதை என் கையால் உங்களுக்காகச் செய்தேன். நீங்கள் வாங்கியதால் என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.’ கிழவருக்கு மட்டும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளாகிவிடுவார்கள். மற்றபடி உலகத்து ஏழைகள் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதினார்கள். ஒரே கையால்.

பூமிக்கு நோகாத பொருள்களை, செய்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி விற்கும் இணையக் கடை அது. கடையின் முகப்புப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கிடங்கில் வந்து இறங்கும்போது அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் இருக்கும். அதை வெட்டி எறிவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. எல்லாரும் அவரைக் கத்திரி என்பார்கள். அவர் உரித்துத் தரும் பொருளைப் பழுப்புத் தாளில் பொதிந்து சணல் கயிறு கட்டி, உள்ளே, செய்தவரே எழுதியதுபோல் இவள் எழுதிய சீட்டை வைத்து அனுப்புவார்கள். உரித்த பிளாஸ்டிக் பின்வாசல் வழியாகப் போகும். பிறகு அது பூமியின் பாடு. இவளும் முதலில் கயிறு கட்டியவள்தான். பெட்டியின் மேல் இவள் எழுதிய முகவரியை ஒருநாள் பார்த்துவிட்டு, முதலாளியம்மா கன்னத்தில் கை வைத்து நின்றார். அன்றிலிருந்து சீட்டு எழுதும் மேசை. முதலாளியம்மா என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. இங்கே எல்லாரும் ஒரே குடும்பம், அதனால் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த அக்கா இவளைவிட ஒன்பது வயது இளையவர்.

“என்னம்மா, விதவைக்குக் கை வலியா?” என்றார் கத்திரி, ஒரு கூடையின் தோலை உரித்துக்கொண்டே.

“விதவை நல்லாத்தான் இருக்கா அண்ணே. எனக்குத்தான் வலி.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“மூணு வாரம் எதையும் தொடக் கூடாதாம். மீறி எழுதினா நரம்பு போயிடுமாம், அப்புறம் அறுத்துப் பாத்தும் பிரயோஜனமில்லையாம். இன்னைக்கு லீவு கேக்கப் போறேன்.”

“கேளு, கேளு. நாமதான் ஒரே குடும்பமாச்சே. ஆனா எந்தக் குடும்பத்துலம்மா பொம்பளைக்கு லீவு குடுத்திருக்காங்க?”

அக்காவின் அறையில் ஒரு சுவர் முழுக்கப் பாசி வளர்த்திருந்தார்கள். எதிர்ச் சுவரில், ‘இங்கே ஒவ்வொரு கையும் மதிக்கப்படுகிறது’ என்று பெரிதாக எழுதி மாட்டியிருந்தது. அதையும் கையெழுத்துக்காரிதான் எழுதியிருந்தாள். மருத்துவர் சீட்டை நீட்டியதும் அக்கா தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. அந்தக் கண்கள் எதற்கும் கலங்கும். காகிதக் கோப்பை நனைந்ததற்குக் கலங்கியதை இவளே பார்த்திருக்கிறாள்.

“கேக்கவே கஷ்டமா இருக்கு. நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன், அதுக்குள்ள வந்துட்டீங்க. இத மொதல்ல பாருங்க.”

கைப்பேசியில் ஒரு படம். யாரோ ஒரு வாடிக்கையாளர் கூடை, சோப்பு, பிரஷ் மூன்றையும் ஒன்றாக வாங்கி, மூன்று சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, ‘மூன்று பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்களோ?’ என்று கேட்டிருந்தார். அதன் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள்.

“உங்க எழுத்து ரொம்ப அழகு. அதான் பிரச்சினையே. கூடை பின்ற பொம்பளை இவ்ளோ அழகா எழுதுவாளா, சொல்லுங்க? கொஞ்சம் தடுமாறணும். இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்ட மாதிரி, கோணலா, பாவமா.”

வாழ்க்கையில் யாரும் கொடுக்காமல், யாரையும் கேட்காமல் அவளுக்கென்று அமைந்தது அந்த எழுத்து ஒன்றுதான். அதைப் பாவமாக எழுதச் சொல்கிறாள் இந்த அக்கா. கையெழுத்துக்காரிக்குக் காதுமடல் சுட்டது.

“எழுத்த விடுங்கக்கா. எனக்குக் கையே முடியல. டாக்டர் எழுதிக் குடுத்ததப் படிங்க.”

அக்கா படித்தார். பாதியில் அவர் முகம் மலர்ந்தது. பெரிய மனிதர்களுக்கு ஞானம் பிறக்கும் தருணத்தை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

“இதுல வலது கைன்னுதானே போட்டிருக்கு?”

“ஆமாக்கா.”

“அப்ப இடது கையால எழுதுங்க! தானா கோணலா வரும். உங்க வலது கைக்கு மூணு வாரம் முழு லீவு. நானே சாங்ஷன் பண்றேன்.” எழுந்து வந்து தோளை அணைத்துக்கொண்டார். “பாத்தீங்களா, மனசிருந்தா எல்லாத்துக்கும் வழி இருக்கு.”

முடியாது என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டலாம். தாண்டியபின் பட்டை கட்டிய கையை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மருத்துவர் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குத் திரும்பினாள்.

“குடுத்தாங்களா?” என்றார் கத்திரி.

“குடுத்தாங்க. வலது கைக்கு மட்டும்.”

அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பிளாஸ்டிக்கை வேண்டியதைவிட நீளமாகக் கிழித்தார்.

இடது கை எழுதியது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. நாலே நாளில் பாராட்டுகள் வந்து குவிந்தன. ‘இந்தக் கோணலில்தான் உயிர் இருக்கிறது.’ ‘படித்ததும் அழுதுவிட்டேன், இன்னும் இரண்டு கூடை வாங்கினேன்.’ அவள் எழுத்து அழகாக இருந்த காலத்தில் ஒருவரும் அழவில்லை. இப்போது இடது மணிக்கட்டிலும் ஊசி இறங்கத் தொடங்கியிருந்தது. அதைப் போய்ச் சொன்னால் அக்காவின் பார்வை அடுத்துக் காலுக்கு இறங்கும் என்று பயந்து அவள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அவள் மேசைக்கு மேலே கேமராவைக் கட்டினார்கள். நேரலை. கூடைக்கார அம்மா சீட்டு எழுதுவதை வாடிக்கையாளர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்களாம்.

“முகம் வேண்டாம்,” என்றார் அக்கா. “மூக்குக் கண்ணாடியெல்லாம் போட்டு டீச்சர் மாதிரி இருக்கீங்க. கை போதும். இடது கை மட்டும். மத்தத மடியில வெச்சுக்குங்க.”

பக்கத்தில் வைத்திருந்த திரையில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஆயிரம், ஆயிரத்து எழுநூறு. அக்கா குரலில் தேன் தடவிக்கொண்டு, “இது நம்ம கூடை பின்ற அம்மாவோட கை. இந்தக் கைக்கு நாம செய்யற மரியாதைதான் இந்தக் கடை,” என்றார். திரையில் சிவப்பு இதயங்கள் கொப்புளித்து மேலே போயின.

கையெழுத்துக்காரி மடியிலிருந்த வலது கையைத் தூக்கித் தாளின் பக்கத்தில் வைத்தாள். அழுக்கேறிய பட்டை, வீங்கி மினுமினுக்கும் விரல்கள், எல்லாம் வெளிச்சத்தில் கிடந்தன. மேசைக்கடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கால் அவளை இடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. மறுபடி இடித்தது. பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருவராவது கேட்காமலா போய்விடுவார்?

ஒருவர் கேட்டார். ‘அந்த மணிக்கட்டுப் பட்டை அழகாக இருக்கிறது. கைத்தறியா? வேறு நிறங்களில் கிடைக்குமா?’

அதன் கீழே, ‘எனக்கும் வேண்டும்.’ அதன் கீழே, ‘எனக்கு இரண்டு.’

இடித்துக்கொண்டிருந்த கால் நின்றது. அக்கா குனிந்து, முதல் தடவையாக, அந்தப் பட்டையை உற்றுப் பார்த்தார்.

இடது கை ‘இதை என் கையால்’ வரைக்கும் எழுதியிருந்தது. அடுத்த சொல்லுக்கு அது நகரவில்லை. அதே இடத்தில் நின்று அழுத்தியது. பேனா முனை தாளைத் துளைத்து மேசை மரத்தில் இறங்கியது. மை கசிந்து சீட்டின் நடுவே பரந்து, எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போனது. அவள் இன்னும் அழுத்தினாள். திரையில் இதயங்கள் ஏறியபடியே இருந்தன.