நாற்பத்தொரு கோழி

மாமனாரின் உடல் வாசல் பந்தலில் கிடக்க, மைதிலி ஷெட்டுக்குள் நின்று தீவனத் தொட்டியை நிரவிக்கொண்டிருந்தாள். எழவு வீட்டு மருமகள் செய்கிற வேலையா இது என்று பந்தலில் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். எழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது மனிதர்களுக்கு உள்ள கட்டுப்பாடு. பன்னிரண்டாயிரம் கோழிகளிடம் அதை யார் போய்ச் சொல்வது? தீவனம் அரை மணி நேரம் பிந்தினால் அவை போடுகிற சத்தத்தில் ஒப்பாரிக்காரிகளின் குரலே எடுபடாது.

பண்ணையில் வேலை செய்யும் கந்தம்மாள், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மைதிலி நகரவில்லை. பந்தலுக்குப் போனால் மாமியார் சௌந்திரம் அத்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆறு நாளாக அத்தையிடமும் கணவனிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்ததோடு அங்கே போய் உட்காரத் தைரியம் வரவில்லை.

மாமனார் தங்கசாமிக்கு எழுபத்தொன்பது வயது. சேந்தமங்கலம் பக்கத்தில் ஐந்நூறு குஞ்சுகளோடு பண்ணை ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. பிறகு சிரித்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ஷெட் போட்டார்கள். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கோழி செத்தாலும் என்ன காரணம் என்று தெரியாமல் குழியில் போடக் கூடாது. பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே கோழி டாக்டர் பாலசுந்தரம் அறுத்துப் பார்த்து, நுரையீரலிலிருந்து துளி எடுத்துத் தட்டில் வைத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்ப்பார். வயதாகிவிட்டது, செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் தங்கசாமிக்குப் பொல்லாத கோபம் வரும்.

பத்து வருடமாகப் பண்ணை மைதிலியின் கையில். மருமகளாக வந்த புதிதில் கோழி என்றால் குழம்பு என்று மட்டும் தெரிந்திருந்தவள், இப்போது ஷெட்டுக்குள் நுழைந்தவுடனே எந்த வரிசையில் தீவனம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிடுவாள். சீக்கு வந்த கோழி முதலில் சொல்கிற சேதி அதுதான். இருமல், மூச்சு எல்லாம் பிறகுதான் வரும்.

அப்படிப்பட்டவள், வீட்டில் மாமனாரின் தட்டில் சோறு மிச்சமாவதை மூன்று நாள் கவனிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. கொஞ்சம் இருமினார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தார். கணவன் ஜெகதீஸ்வரன் முட்டை லாரியோடு கேரளாவுக்குப் போயிருந்தான். காரை எடுக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டாள்.

"அவன் வரட்டும் சாமி. அதுக்குள்ள நம்ம டப்பாவுலேருந்து கொஞ்சூண்டு கலக்கிக் குடு" என்றார் தங்கசாமி.

மருந்து அறையில் இருக்கும் நீல டப்பாவைச் சொன்னார். கோழிக்குச் சளி பிடித்தால் தண்ணீர்த் தொட்டியில் கலக்குகிற வெள்ளைப் பொடி. மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விடவில்லை. தீவன மூட்டை நிறுக்கும் தராசில் தானே ஏறி நின்றார். அறுபத்திரண்டு கிலோ.

"ஒரு கோழி ஒண்ணரைக் கிலோ. அப்ப நான் எத்தன கோழி?"

"நாப்பத்தொண்ணுங்க மாமா."

"நாப்பத்தொரு கோழிக்கு உண்டானதப் போடு."

இருவரும் சிரித்தார்கள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அன்று சாயங்காலம் ஒரு டம்ளர், ஞாயிறு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஜெகதீசிடம் சொல்ல வேண்டாம், குதிப்பான் என்று சொல்லி, கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒரே மூச்சில் குடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் மைதிலியைப் பார்த்து, எப்போது வந்தாய் ராசம்மா என்று கேட்டார். ராசம்மாள் அவருடைய அக்கா. செத்து இருபது வருடம் ஆகிறது. ஊர் வந்து சேர்ந்த ஜெகதீஸ்வரன் லாரியை விட்டு இறங்கிய கையோடு அப்பாவைக் காரில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழினி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக அப்பியிருந்தது. நிமோனியா. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வரும், சாப்பாடு குறைவதும் நினைவு தடுமாறுவதும்தான் அடையாளம் என்றார். கிருமி பலவகை. விழுங்கும்போது சோறோ தண்ணீரோ மூச்சுக்குழலுக்குள் போனாலும் இப்படி ஆகும். கோழி, பறவைகளிடமிருந்து வருவதும் ஒன்று உண்டு, அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னபோது மட்டும் தங்கசாமி நன்றாகவே கண்ணைத் திறந்தார். "என்ற கோழி எனக்குக் கெடுதல் செய்யாதுங்க" என்றார். மறுநாள் ரிசல்ட்டும் கோழியால் வந்ததில்லை என்றுதான் வந்தது. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை.

அதற்கு முன்னால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? தங்கசாமி இல்லை என்று தலையாட்டினார். மைதிலி தரையைப் பார்த்தாள். பக்கத்தில் கணவன் நிற்கிறான். எதிரில் தன்னைவிடச் சின்ன வயது டாக்டர். மாமனாரை நாற்பத்தொரு கோழியாகக் கணக்குப் போட்டு மருந்து கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்? சனிக்கிழமை சிரிப்பாக இருந்தது திங்கட்கிழமை அசிங்கமாகிவிட்டது. சளியை எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும், மூன்று நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்துவிட்டுக் கோழியைக் கொண்டுவந்தால் தட்டில் என்னம்மா முளைக்கும் என்று பாலசுந்தரம் எத்தனை தடவை திட்டியிருக்கிறார். அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தங்கசாமி நன்றாகத்தான் இருந்தார். நினைவு திரும்பிவிட்டது. மகன் முகம் மழித்துவிட்டான். அவன் அப்பாவோடு சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே கிடையாது. லாரி, டீசல், முட்டை விலை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். சௌந்திரம் அத்தை இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டியபோது நர்ஸ்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்க, கிழவர் வெட்கமே படாமல் வாயைத் திறந்தார். தினமும் காலையில் மைதிலியிடம் ஒரே கேள்விதான். "மொளச்சுதா?" தட்டில் என்ன கிருமி முளைத்தது, அதன் பேர் என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு ஆசை. இன்னும் இல்லைங்க மாமா என்று சொல்லிவிட்டு மைதிலி ஃப்ளாஸ்க்கைக் கழுவப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பால் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிடச் சொல்லி, மகனின் தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

இப்போது ஷெட்டுக்குள் மைதிலியின் போன் சிணுங்கியது. லேபிலிருந்து சேதி. கிருமி வளர்ச்சி ஏதும் இல்லை.

இரண்டு தடவை படித்தாள். தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் டாக்டருக்குப் போன் போட்டாள். சனிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தராசைக்கூட விடவில்லை. 

"மொத நாளே சொல்லியிருக்கணும்மா" என்றார் யாழினி.

பிறகு நிதானமாகப் பேசினார். மருந்தே சாப்பிடாமல் வருகிறவர்களிலும் பாதிப் பேருக்குக் கிருமியின் பேர் கிடைப்பதில்லை. அவருக்குக் கொடுத்த மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது, அந்த வயதில் இதயம் தாங்கவில்லை. மூன்று டம்ளரால்தான் போனார் என்று தன்னால் சொல்ல முடியாது. அதனால் ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. இனி வீட்டில் யாருக்கும் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். இல்லவே இல்லை என்றிருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். இரண்டும் இல்லாத பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மைதிலி பந்தலுக்கு வந்தாள்.

அங்கே ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்மம்பட்டியிலிருந்து வந்த சம்பந்தி, மார்கழிப் பனியில் தலைத்துண்டு கட்டாததுதான் என்றார். இன்னொருவர் ஃபேனைக் குற்றம் சொன்னார். எளநீர் குடித்ததுதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று ஒரு பெரியம்மா அடித்துச் சொன்னாள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வயது, வேறென்ன, நல்ல சாவு என்று முடித்துக்கொண்டார்கள். தங்கசாமி கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்திருப்பார்.

சௌந்திரம் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். சேலைத் தலைப்பால் அவர் முகத்தில் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். மைதிலி பக்கத்தில் மண்டியிட்டு, காதோடு காதாக, கோழி மருந்து கொடுத்தேன் என்று ஆரம்பித்தாள். நாற்பத்தொன்று வரைக்கும் வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. ஈ விரட்டுவதையும் நிறுத்தவில்லை.

"தெரியுங் கண்ணு. டம்ளரக் கழுவுனது ஆரு? நாப்பது வருசமா அந்த வாசம் எனக்குத் தெரியாதா?"

மைதிலி நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பறம் ஏனுங்க அத்தை ஒண்ணுமே சொல்லல?"

"மருந்து கேக்கும்னு நெனச்சேன்" என்றாள் சௌந்திரம். "உன்னாட்டத்தான்."

 சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டாள். மைதிலி உட்கார்ந்தாள். ஆறு நாளில் முதல் தடவையாக அவளுக்கு நன்றாக மூச்சு இறங்கியது. தப்பு தப்புதான். ஆனால் அதைத் தூக்க இன்னொரு தோள் இருந்தது. எதிரே சாமியானாக் கம்பத்தில் சாய்ந்து நின்ற ஜெகதீஸ்வரனை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"காரியம் முடியட்டும். நாமளே சொல்லிக்கலாம்" என்றாள் சௌந்திரம்.

நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. குளிப்பாட்ட வேண்டும், உறவுக்காரர்கள் எண்ணெய் அரப்பு வைக்க வாருங்கள் என்று குரல் கொடுத்தார்கள். வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பங்காளிகள் நின்றார்கள். பெஞ்சில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, ஜெகதீஸ்வரன் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டான். மூன்று விரலில் எண்ணெய் தொட்டுத் தலையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சடங்குக்கு அவ்வளவு போதும்.

சௌந்திரத்துக்கு அது போதவில்லை. கிண்ணத்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சந்தலையில் வைத்து, சனிக்கிழமைதோறும் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியைக் குழைத்துப் பூசினாள். மைதிலியைச் செம்பில் தண்ணீர் மொள்ளச் சொன்னாள்.

மைதிலி செம்பைச் சாய்க்கப் போனபோது அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்து ஊத்து. அரப்புக் கண்ணுல பட்டா அவருக்கு ஆவாது."

மைதிலி இடது கையை அவர் நெற்றியின் மேல் மறைப்பாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றினாள்.