கிளிஃபோர்ட் கொடுத்த சீட்டு

கார் நிறுத்தக் காசு கட்டி எடுத்த சீட்டில் நேரம் மிச்சமிருக்கும்போது, அதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்களா? ஸ்கெல்பி ஊரில் கொடுக்காதவர்கள் குறைவு. செவ்வாய்க்கிழமை சந்தை நாள். அன்றைக்கு மெஷின் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து சீட்டே தராது. கிழங்கும் மீனும் வாங்க யாருக்கு மூன்று மணி நேரம் வேண்டும்? வேலை முடிந்தவர், அப்போதுதான் உள்ளே வருகிறவரைப் பார்த்துச் சீட்டை நீட்டுவார். வாங்குகிறவர் காசு கொடுக்க வருவார், கொடுக்கிறவர் வேண்டாம் என்பார். அந்த ஊரில் அது வணக்கம் சொல்கிற மாதிரி.

கிளிஃபோர்ட் டாட்ஸுக்கு அதில் தனி சந்தோஷம் உண்டு. இருபத்தேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை. இப்போது எழுபத்தாறு வயது, தனி வீடு. வாரத்தில் அவர் வாயைத் திறந்து பேசுவது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான். நாற்பது நிமிஷத்தில் வாங்கவேண்டியதை வாங்கிவிடுவார். பிறகு மெஷின் பக்கத்தில் நின்று, சீட்டு தேவைப்படுகிற ஆளாகப் பார்த்துக் கொடுப்பார்.

அன்றைக்குச் சிவப்பு நிறச் சின்னக் காரில் வந்த பெண்ணிடம் கொடுத்தார். முப்பது வயதிருக்கும். பற்சிகிச்சைக்கு வந்தவள், கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"இந்தாம்மா, ஒண்ணே கால் வரைக்கும் செல்லும். வச்சுக்கோ."

"ஐயோ, ரொம்ப நல்லவர் நீங்க. இந்தாங்க, ஒரு பவுண்டாவது பிடிங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"பிடிங்கன்னா பிடிங்க. பல்லு வேற வலிக்குது, என்னை ரொம்பப் பேச வைக்காதீங்க."

வாங்கிக்கொண்டார். மீன் கடைக்குத் திரும்பிப் போய், அங்கே வைத்திருந்த, கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்றும் லைஃப்போட் படகுக்கான நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டுக் காரை எடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் புகையூட்டிய மீன் பொட்டலம் இல்லை. காசைப் பெட்டியில் போடும்போது பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பவும் வண்டியை எடுத்தார்.

மறுபடி மெஷின் முன்னால் நின்றார். போன வியாழக்கிழமைதான் வைத்த புது மெஷின். வண்டி நம்பரைத் தட்டச் சொன்னது. காலையிலும் கேட்டது, தட்டினார். எத்தனை வண்டி வருகிறது என்று ஊர்க் கவுன்சில்காரர்கள் கணக்கெடுக்கிறார்கள் போல என்று நினைத்திருந்தார். இப்போது வந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். நேரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அவருடைய வண்டி நம்பர். அதற்கும் கீழே: இந்த வண்டிக்கு மட்டும்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புக் காரின் முன்கண்ணாடியில் மஞ்சள் உறை ஒட்டியிருந்தது. பக்கத்தில், நிறுத்திய வண்டிகளைச் சோதிக்கிற வார்டன் ஜானிஸ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறவள். ஊரில் பாதிப்பேர் அவளுக்குப் பயந்தார்கள், மீதிப்பேர் அவளைத் திட்டினார்கள்.

"ஜானிஸ், என்னம்மா இது?"

"அபராதம். வேறென்ன, பிறந்தநாள் வாழ்த்தா?"

"அது என் சீட்டும்மா."

"தெரியுது. நம்பரைப் பாத்ததுமே நெனச்சேன். ஒருவேளை வண்டியை மாத்திட்டீங்களோன்னு பாத்தேன். சிவப்பு உங்களுக்கு எடுப்பாத்தான் இருந்திருக்கும்."

கிளிஃபோர்டுக்குச் சிரிப்பு வரவில்லை. "கிழிச்சுப் போட்டுடேன். நான் பண்ணின தப்பு இது."

"என்னால முடியாது, கிளிஃப். அச்சடிச்ச நிமிஷமே ஆபீஸுக்குப் போயிடுது. அப்புறம் நானே அழுதாலும் வராது. சீட்டு முடிஞ்சு பத்து நிமிஷம் தாண்டலைன்னா விட்டுடுவேன், அதுக்கு விதி இருக்கு. வேற வண்டி நம்பருக்கு விதி இல்லையே."

"அப்போ நானே கட்டிடறேன்." பர்ஸை எடுத்தார்.

"உள்ள வைங்க அதை! கட்டிட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் ஒரு வார்த்தை கேக்க முடியாது. எல்லாரும் பண்ற முட்டாள்தனம் அதுதான். பதினாலு நாளைக்குள்ள அந்தப் பொண்ணு எழுதிப் போடட்டும், சீட்டையும் சேத்து வச்சு. முடியாதுன்னு பதில் வந்தாலும், பெரும்பாலும் பாதி அபராதம் கட்டினாப் போதும்னு விட்டுடுவாங்க."

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். பெயர் கேய்லி. பாதி வாய் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் சத்தத்துக்குக் குறைவில்லை.

"நீங்கதானா! ஒரு பவுண்டையும் வாங்கிக்கிட்டு செல்லாத சீட்டை என் தலையில கட்டிட்டீங்களே, பெரியவரே! எத்தனை பேர்கிட்ட வித்தீங்க இன்னைக்கு?"

சந்தை திரும்பிப் பார்த்தது. காய்கறிக்காரன் வழக்கம்போலக் கத்தினான்: "என்ன கிளிஃப், பஸ்ஸ விட்டு எறங்கியும் இன்னும் டிக்கெட் விக்கிறியா?"

வேறு நாளாக இருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். இன்றைக்குக் காது இரண்டும் சிவந்து போயிற்று. இருபத்தேழு வருஷத்தில் ஒரு பென்னி அதிகமாக வாங்கினார் என்று யாரும் சொன்னதில்லை.

"அந்தக் காசை லைஃப்போட் பெட்டியில போட்டுட்டேன்மா."

"ஆமா, போட்டீங்க."

அதற்கு மேல் எப்படி நிரூபிப்பது? பெட்டியில் நூறு காசு கிடக்கும். கையிலிருந்த புதுச் சீட்டை அவளிடம் நீட்டினார்.

"இதைப் பாரும்மா. இப்ப எடுத்தது. உன் கார் கண்ணாடிக்குள்ள இருக்கறதையும் பாரு. ரெண்டுலயும் என் வண்டி நம்பர். செல்லாத சீட்டு இல்ல, எனக்குச் செல்ற சீட்டு. அந்தப் பொடி எழுத்தை இப்பத்தான் படிச்சேன். காலையில படிச்சிருந்தா உனக்குக் குடுத்திருக்கவே மாட்டேன்."

கேய்லி இரண்டு சீட்டையும் பார்த்தாள். பிறகு ஜானிஸைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் ஜானிஸ். "பாத்ததைத்தான் எழுதியிருக்கேன். பணம் கட்டின சீட்டு, நேரம் மிச்சம் இருக்கு, வேற வண்டி நம்பர், மெஷின் புதுசு. போட்டோவும் இருக்கு. விடறதா வேண்டாமான்னு ஆபீஸ்ல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. முதல் தடவைன்னா சில சமயம் விடுவாங்க."

"இவரு சாட்சி சொல்வாரா?"

"எழுதித் தரேன்," என்றார் கிளிஃபோர்ட். "இப்பவே."

தேநீர்க் கடையில் ஒரு தாள் வாங்கி, ஈரமான மேஜையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு எழுதினார். கண்டக்டர் வேலையில் புகார் அறிக்கை எழுதிய அதே வரிசை: தேதி, நேரம், இடம், நடந்தது. 'இந்தப் பெண்ணின் மேல் தவறில்லை. சீட்டைக் கொடுத்தவன் நான். ஒரு பவுண்டு வாங்கினேன், அதை நன்கொடைப் பெட்டியில் போட்டேன்.' அந்தக் கடைசி வரி கவுன்சிலுக்குத் தேவையில்லாதது. ஆனாலும் எழுதினார். கீழே வீட்டு விலாசம்.

கேய்லி படிக்காமலே மடித்தாள். "பாக்கலாம்," என்றாள். நன்றி சொல்லவில்லை. கார் கதவு சாத்திய சத்தம் அவர் நெஞ்சில் விழுந்தது.

மீன்காரர் பொட்டலத்தை எடுத்து வைத்திருந்தார். ஏதோ கேட்டார், கிளிஃபோர்ட் காதில் வாங்கவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்தார். புதுச் சீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தது. வண்டிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மீனை அவர் பொரிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மைல் தள்ளி இருக்கிற வேறு சந்தைக்குப் போனால் என்ன என்று யோசித்தார். அங்கே யாரையும் தெரியாது. யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கேய்லி அவர் வீட்டுக் கதவைத் தட்டி, கடிதத்தை ராத்திரி படித்தேன், கையெழுத்துப் போட மறந்துவிட்டீர்கள் என்றாள். அவர் போட்டுக் கொடுத்தார். அவள் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.