கைதட்டல் கேட்கும் கசெற்

நான் முதன்முதலாக வாங்கிய பாட்டுக் கசெற்றை, அது என்ன மொழி என்று தெரியாமலேயே வாங்கினேன்.

கண்டி நகரத்தில் பஹ்மியின் கடையில் வெற்றுக் கசெற் கொடுத்தால் விருப்பமான பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். பேராதனை வளாகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அது போதவில்லை. ஒருவர் யோசித்து வரிசைப்படுத்தி, அட்டைப்படம் போட்டு வெளியிட்ட முழு அல்பம் ஒன்று வேண்டும் என்று இருந்தது. கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில் அதைக் கண்டேன். பனி மலைகளுக்கு முன்னால் ஒரு சதுக்கம், நிறையச் சனம், நடுவில் சிறிய கித்தாருடன் தாடிக்காரர். அந்த மாதம் நான் தென்னமெரிக்க நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்புக்குள் வசித்துக்கொண்டிருந்தேன். அதில் வரும் மழை ஊரில் இந்தத் தாடிக்காரர் கட்டாயம் ஒரு வீட்டில் இருப்பார் என்று பட்டது.

“ஆருக்கும் வெளங்காத பாட்டு இது,” என்றான் பஹ்மி. “ஸ்பானிஷோ போர்த்துக்கீசோ தெரியா. தூசி பிடிச்சீக்கிது. எடுத்துப் போங்க. ஆனா திருப்பிக் கொணந்து குடுத்துராதீங்க.”

தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கண்டியில் யாழ்ப்பாணத்து முகவரியோடு அடையாள அட்டை வைத்திருந்தவன் எங்கே நின்றாலும் யாரோ ஒருவர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். போர்டிங்கில் இருந்த பல பேரை வீட்டுக்காரர்கள் வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார்கள். எழுப்பாதவர் மாவில்மடையில் என் வீட்டுக்காரர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் ஒருவர்தான். மாதத்துக்கு ஒரு தடவை அவர் என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போய், ‘இவர் எங்கட வீட்டிலதான் இருக்கிறார், நல்ல பிள்ளை’ என்று சொல்லிக் கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குக் கண்டியும் இல்லை, பேராதனையில் படிப்பும் இல்லை. யாழ்ப்பாணம் திரும்பிப் போக அப்போது பாதையும் இல்லை.

கசெற்றை அறையில் என் ரேடியோவில் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது பெரிய கூட்டத்துக்கு முன்னால் பாடிப் பதிந்தது என்று. ஒவ்வொரு பாட்டும் முடிய, ஆயிரக்கணக்கில் கைதட்டல். தாடிக்காரர் ஏதோ பேசுவார். மெதுவாகத் தொடங்குவார், பிறகு குரல் உயரும். சனம் ஒரே குரலில் பதில் சொல்லும். மேளம் ஒன்று நடைபோடுகிற மாதிரி அடிக்க, அடுத்த பாட்டு வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சதுக்கத்தில் நிற்பேன்.

என் அறைக்கும் ஹாஜியார் குடும்பத்துக்கும் இடையில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சதுக்கம் தெரியவில்லை. ஒரு ஆள் கூட்டத்தில் உரத்துப் பேசுவதும், சனம் கத்துவதும், மேளம் அடிப்பதும் மட்டும் கேட்டிருக்கிறது. அதுவும் யாழ்ப்பாணத்துப் பெடியனின் அறையிலிருந்து.

முதலில் ஹாஜியாரின் மனைவி றலியா மாமி சாப்பாட்டு மேசையில் பேச்சைக் குறைத்தார். ஹாஜியார் வாசலில் யாரோடோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார், நான் படலையைத் திறந்ததும் தேங்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். ஒரு நாள் வளாகத்தால் வந்து கசெற்றைப் போட்டேன், பாட்டு நடுவிலிருந்து தொடங்கியது. நான் எப்போதும் தொடக்கத்துக்குத் திரும்பச் சுற்றித்தான் வைப்பேன். யாரோ எடுத்திருக்கிறார்கள். வெளியே கொண்டுபோய் யாருக்காவது போட்டுக் காட்டினார்களா? அதன் பிறகு அந்த வீட்டுத் தேநீர்கூட எனக்கு ஒரு மாதிரி ருசித்தது. அறையைப் பூட்டத் தொடங்கினேன். பூட்டுகிற சத்தம் அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்க வரவில்லை.

ஜும்ஆ முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை ஹாஜியார் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றவில்லை.

“அந்தக் கசெற்றயும் ரேடியோவையும் எடுத்துக்கிட்டு ஹோலுக்கு வாங்க தம்பி.”

போட்டேன். தாடிக்காரர் பேசினார், சனம் கத்தியது.

“இந்த ஆள் என்ன செல்றான்?”

“தெரியாது ஹாஜியார். எனக்கு இந்த மொழி விளங்காது.”

“வெளங்காமலா ஒவ்வொரு நாளும் கேக்கிறீங்க?”

“மாமியும் ஹிந்திப் பாட்டுக் கேக்கிறாதானே? விளங்கியே கேக்கிறா?”

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற மாமி முன்னால் வந்தார். “ஹிந்திப் பாட்டுல ஒருத்தனும் மேடையில ஏறிப் பேசமாட்டான். காதலிச்சுப் போட்டு அழுதுக்கிட்டுப் போவான். அவ்வளவுதான்.”

“நாலு தரம் கேட்டுப் பார்த்தன்,” என்றார் ஹாஜியார். “ஒரு சொல்லும் பிடிபடல்ல. அதுதான் பயமா ஈக்கிது. வெளங்கினாலாவது என்னண்டு செல்லலாம். நாளைக்கு செக்கிங் வந்து, ‘இது என்ன கூட்டம்’ எண்டு கேட்டா, நான் என்னத்த செல்ற? ஒண்டில் இது போகணும், இல்லாட்டி நீங்க போகணும்.”

கசெற்றை எடுத்தது அவர்தான் என்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவகை ஆறுதலாக இருந்தது. ஆனால் கசெற்றை விட மனமும் வரவில்லை.

“பாட்டை விட்டுட்டுப் பேச்சை மட்டும் அழிச்சால்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “அப்பிடியும் செய்ய ஏலுமா?” என்றார் மாமி.

கடையில் விற்கிற கசெற்றின் முதுகில் இரண்டு சிறிய ஓட்டைகள் இருக்கும், அதில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. ஓட்டைகளை மூடிவிட்டால் பதியும். மாமி காய்ச்சல் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்ரர் கொண்டுவந்தார். கைதட்டலோடு சேர்ந்த ஒவ்வொரு பேச்சும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ரேடியோவில் நாடாவோடு சுற்றும் இலக்கத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, திரும்பச் சுற்றி, பதிகிற பொத்தானை அழுத்தினேன். எது பேச்சு, எது பாட்டு என்று தீர்ப்புச் சொன்னவர் மாமி. ஒரு பாட்டைத் தாடிக்காரர் கொஞ்சம் பேசுகிற மாதிரித் தொடங்கியிருந்தார், அதுவும் போயிற்று. அன்றைக்கே ஹாஜியார் பழையபடி என்னை ‘மகன்’ என்றார். நான் அந்தக் கசெற்றைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. காயம்பட்ட ஒருவரைப் பார்க்கப் போகாமல் இருப்பதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் காலையில் செக்கிங் வந்தது. ஒரு சார்ஜன், ஒரு இளம் கொன்ஸ்தாபிள். என் மெத்தையைப் புரட்டினார்கள், நாவல்களை உதறினார்கள். சார்ஜன் கசெற்றை எடுத்து அட்டையிலிருந்த சனக்கூட்டத்தைப் பார்த்தார். பிறகு முதுகிலிருந்த பிளாஸ்ரரை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“போடு,” என்றார் சிங்களத்தில்.

பாட்டு ஓடியது. சார்ஜனின் விரல் மேசையில் தாளம்கூடப் போட்டது. பாட்டு முடிய, கைதட்டல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

“இங்கே என்ன இருந்தது? ஏன் அழித்தாய்?”

பேச்சை வைத்திருந்தால் விளங்காத பேச்சு என்று போயிருக்கும். அழித்த இடத்துக்கு என்ன விளக்கம் சொல்வது? சார்ஜன் குனிந்து சத்தத்தை முழுதாகக் கூட்டினார். அப்போதுதான் அது வெறுமை இல்லை என்று கேட்டது. காகம் கரைந்தது. கதிரை இழுபட்டது. ரேடியோவின் முன்பக்கத்தில் மைக் ஒன்று இருப்பதை மூவரும் மறந்துவிட்டிருந்தோம். தாடிக்காரரை அழித்த நேரம் எங்களை அது பதிந்திருந்தது.

றலியா மாமியின் குரல் தெளிவாக வந்தது: “ஒரு சொல்லும் மிச்சம் வெக்காதீங்க. பொலிஸ் வந்து கேட்டா என்ன செல்ற?”

சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘பொலிஸ்’ என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

“இது யாருடைய குரல்?”

“என் மனைவியினுடையது,” என்றார் அறை வாசலில் நின்ற ஹாஜியார்.

“பொலிசைப் பற்றி என்ன சொல்கிறா?”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். அவர் உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் நடக்காது. பயத்தில் அழித்தோம், கசெற் இந்தப் பெடியனுடையது என்று என்னை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்கு அவருக்கு நிறையக் காரணமும் இருந்தது.

“பொலிஸ் மஹத்தயாமார் வந்தால் என்ன குடிக்கக் கொடுப்பது என்று கேட்கிறா,” என்றார் அழகான சிங்களத்தில். “ரேடியோவைப் பழுதுபார்க்கும்போது பிழையான பொத்தான் அமுங்கிவிட்டது.”

சார்ஜன் கசெற்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

“அப்படியென்றால் என்ன முடிவெடுத்தீர்கள்?”

“தேத்தண்ணி,” என்று மாமி குசினிக்குள் ஓடினார்.

குடித்தார்கள். சார்ஜன் எழும்பிப் படலைவரை போய்விட்டார். இளம் கொன்ஸ்தாபிள் மட்டும் கோப்பையைத் தானே கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தான்.

“தேத்தண்ணி நல்லா இருந்துச்சுங்க மாமி,” என்றான். சுத்தமான தேயிலைத் தோட்டத்துத் தமிழ். “நான் ஹுன்னஸ்கிரியதான். சின்ன வயசுல பூரா லயத்துப் புள்ளைங்களோடதான் வெளையாட்டு.”

சிரித்தானா என்று பார்ப்பதற்குள் படலை சாத்திக்கொண்டது.

மாமி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். “யா அல்லா. எல்லாம் வெளங்கீக்கிது அவனுக்கு.”

“வெளங்கினவன் ஏன் செல்லல்ல?” என்றார் ஹாஜியார். அது மாமியிடம் கேட்டதா, தன்னிடமே கேட்டதா தெரியவில்லை. “இண்டைக்குச் செல்லல்ல. நாளைக்கு?”

அவர் ரேடியோவைத் திறந்து கசெற்றை எடுத்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, நான் பொய் செல்லீட்டன். இப்ப உள்ளத செல்லுங்க. அந்தத் தாடிக்காரன் என்னதான் பேசினான்?”

“சத்தியமாத் தெரியாது ஹாஜியார்.”

என் முகத்தைப் பார்த்தார். அவர் நம்பவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“சரி,” என்று தொப்பியை எடுத்தார். “வேற சேட்டொண்டு போட்டுக்கிட்டு வாங்க. அந்தக் கொன்ஸ்தாபிள் வாயத் தொறக்க முந்திப் பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வெச்சிட்டு வருவம்.”